இடைக்கால ரோல்பிளே: கவசம் இருக்கு, ஆளைக் காணோம்

#1 ஓக்மரத்தடி

வணக்கம் மக்களே.

நாங்க சின்னக் குழு. சனிக்கிழமை ராத்திரி மட்டும் ஓடுற ஒரு மைன்கிராஃப்ட் சர்வர் வச்சிருக்கோம் (கட்டைகளை அடுக்கி ஊர் கட்டுற கணினி விளையாட்டு). அதுக்குள்ள ஆளுக்கொரு பாத்திரமா நடிக்கிறோம். களம் இங்கிலாந்து, கென்ட் பக்கம் ஒரு கற்பனைக் கிராமம். ஆண்டு 1350, இலையுதிர் காலம். பெரிய கொள்ளைநோய் வந்துபோய் நிறைய வீடு ஆளில்லாமக் கிடக்கிற நேரம். தேவாலயம், ஆலை, வைக்கோல் கூரை, மூணு பெரிய வயல்னு கட்டட வேலையில குறை சொல்ல முடியாது. சிக்கல் அதுக்குள்ள நடமாடுற ஆளுங்கதான்.

போன வாரம் சந்தை நாள் வச்சோம். வந்தவங்கள்ல பாதிப் பேர் நாடிழந்த இளவரசர்கள். மிச்சப் பேர் கூலிக் கொலையாளிகள். ஒருத்தர் பறவை மூக்கு முகமூடி மாட்டிக்கிட்டு வைத்தியரா வந்தார். சந்தைக்கு வெங்காயம் கொண்டுவர ஒரு விவசாயி கிடையாது. பேச்சு எல்லாம் "தங்கள் சித்தம் என் பாக்கியம் பிரபு" ரகம். அதை ஒரு தச்சர் கொல்லரைப் பார்த்துச் சொல்றார். நடுவுல "ப்ரோ லேக் அடிக்குது"ன்னு ஒரு குரல், அத்தோட காட்சி காலி.

விதி நிறைய எழுதினா யாரும் படிக்கிறதில்ல. எழுதலைன்னா கூத்தாகிடுது. பாத்திரத்தை விட்டு வெளிய வராம இருக்க உங்க சர்வர்கள்ல என்ன செய்றீங்க?

#2 பகடை12

முதல்ல சின்ன விஷயங்களை முடிச்சிடுவோம். லேக் (இணையம் இழுக்கிறது), மைக், வீட்டுல சாப்பிடக் கூப்பிடுறது எல்லாம் தனி எழுத்துச் சேனல்ல போகட்டும். களத்துலேயே சொல்லித்தான் ஆகணும்னா இரட்டை அடைப்புக்குறிக்குள்ள ஒரே வரி.

பாத்திரம் என்ன செய்யுதுன்னு எழுதுற /மீ கட்டளையில முடிவை எழுதக் கூடாது, முயற்சியை மட்டும் எழுதணும். "கத்தியால் குத்தினான், எதிரி சரிந்தான்"னு எழுதுறவரோட யாரும் ரெண்டாவது வாரம் விளையாட மாட்டாங்க. "இடுப்புக் கத்தியை உருவிக் குத்தப் பார்க்கிறான்"னு நிறுத்தினா அடுத்த வரி எதிராளியோடது. எதிராளிக்கு வாய்ப்பே தராம ஜெயிக்கிற பவர்கேமிங் பிரச்சினை பாதி இங்கேயே தீரும்.

செத்த பாத்திரம் செத்ததுதான். அதே ஆள் அடுத்த வாரம் தம்பி வேஷத்துல வந்து பழிவாங்குறது வேண்டாம்.

இது அட்மினுக்கும் பொருந்தும். அல்டிமா ஆன்லைன்ங்கிற பழைய ஆன்லைன் ரோல்பிளே விளையாட்டோட சோதனைக் காலம், 1997 ஆகஸ்ட். அதை உருவாக்கின ரிச்சர்ட் கேரியட் தானே லார்ட் பிரிட்டிஷ்ங்கிற அரசனா வந்து கூட்டத்துக்கு முன்னாடி நிக்கிறார். சாகாவரம் அன்னைக்கு வேலை செய்யல. யாரோ ஒரு ஆட்டக்காரர் தீ மந்திரம் போட, அரசர் அங்கேயே காலி. இன்னைக்கு வரைக்கும் ஆன்லைன் ஆட்டக்காரங்க அந்தக் கதையைச் சொல்லிட்டிருக்காங்க. அன்னைக்கு அரசர் பேசின வசனம் யாருக்கும் ஞாபகம் இருக்கிற மாதிரி தெரியல. உங்க பிரபுவுக்கு அட்மின் சக்தி கொடுத்திருந்தா எடுத்துடுங்க.

#3 சுருள்ஏடு

பகடை சொன்னது எல்லாம் சரி. ஆனா அது எந்த ரோல்பிளேவுக்கும் பொருந்துற விதி. ஓக்மரத்தடி கேட்கிறது வேற. 1350-ல வாழற ஆள்னு எப்படி நம்ப வைக்கிறது?

என் பதில் ஒண்ணுதான். பாத்திரம் உருவாக்குற படிவத்துல "உன் திறமை என்ன", "உன் இருண்ட கடந்தகாலம் என்ன" ரெண்டையும் அடிச்சிடுங்க. அந்த இடத்துல "நீ யாருக்கு என்ன கொடுக்கணும்"னு கேளுங்க. அந்தக் காலத்து மனுஷனை நகர்த்தினது அவன் வீரமோ பழைய பாணிப் பேச்சோ இல்ல, அவன் கழுத்துல கிடந்த கடமைகள்.

ஒரு கட்டுக்குடியானவனை எடுத்துக்குங்க. நிலத்தோட கட்டப்பட்டவன். வாரத்துல சில நாள் பிரபுவோட நிலத்துல கூலியில்லா வேலை. மகளுக்குக் கல்யாணம்னா பிரபுவுக்குப் பணம். தானியத்தைப் பிரபுவோட ஆலையிலதான் அரைக்கணும், அதுல ஒரு பங்கு ஆலைக்குப் போயிடும். விளைச்சல்ல பத்துல ஒண்ணு தேவாலயத்துக்கு. அப்பா செத்தா வீட்டுல இருக்கிற நல்ல மாடு பிரபுவுக்கு, அடுத்த நல்ல மாடு பாதிரியாருக்கு. இப்ப உங்க ஆண்டை யோசிங்க. கொள்ளைநோய்ல ஒரே வீட்டுல அடுத்தடுத்து சாவு. ஒவ்வொரு சாவுக்கும் கணக்கர் தொழுவத்துக்கு வர்றார். இளவரசன் எவனும் இல்லாமலே காட்சி நடக்கும்.

கை ஆலைக் கதை ஒண்ணு சொல்லியே ஆகணும். செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துல வாலிங்ஃபோர்டு ரிச்சர்டுனு ஒரு மடாதிபதி. பெரிய கணித மேதை, வானியல் கடிகாரம் வடிவமைச்சவர். குடிமக்கள் வீட்டுலேயே திருகைக் கல்லுல அரைச்சு ஆலைக்கூலியை ஏமாத்துறாங்கன்னு கல்லை எல்லாம் பறிமுதல் பண்ணி, மடத்துக் கூடத்துக்குத் தளமாப் பாவிட்டார். 1381 விவசாயிகள் கலகத்துல ஊர்க்காரங்க உள்ள புகுந்து அந்தக் கல்லைப் பெயர்த்து ஆளுக்கொரு துண்டு எடுத்துட்டுப் போனாங்க. உங்க கதை நடக்குறப்ப அந்தக் கல் இன்னும் தரையிலதான் கிடக்கு. உங்க ஊர்ல ஒரு வீட்டுப் பரண்ல ஒரு திருகைக் கல்லை ஒளிச்சு வைங்க. அது யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாதுங்கிறதை வச்சே ஒரு மாசம் ஓட்டலாம்.

இன்னொண்ணு. களத்தைக் கென்ட்டுலேர்ந்து மாத்துங்க. கென்ட்டுல நிலவுரிமை வழக்கமே வேற, அங்க கட்டுக்குடி முறை கிடையாதுங்கிறது ஊரறிஞ்ச விஷயம். ஓடிப்போன பண்ணையாள் கதை வேணும்னா தேம்ஸைத் தாண்டி எசெக்ஸுக்குப் போங்க. கட்டடத்துல ஒரு கல்லைக்கூட நகர்த்த வேண்டாம், பலகையில பேரை மாத்தினாப் போதும்.

#4 ராத்திரிஷிப்ட்

மன்னிக்கணும், கொஞ்சம் கடுப்பாவே எழுதறேன். வாரம் முழுக்க வேலை பார்த்துட்டு சனிக்கிழமை ஹெட்செட் மாட்டுறவன்கிட்ட வந்து "அப்பா செத்தா மாடு கொடு"ன்னா எப்படி? நிஜ வாழ்க்கையில இஎம்ஐ கட்டுறது போதாதா? கத்தி தூக்கத்தான் வர்றோம். எவனுக்கு வெங்காயம் விக்க ஆசை? வரலாறு படிச்சவங்க புகுந்த சர்வர் எல்லாம் கடைசில மூணு பேர் மட்டும் உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் திருத்திக்கிட்டு இருக்கிற இடமா ஆகிடும். அதை நான் நேர்லயே பார்த்திருக்கேன்.

#5 கிளாலிக்காற்று

ராத்திரிஷிப்ட் சொல்லுறதில ஞாயம் இருக்கு. நான் ரொறன்ரோவில இருந்து விளையாடுறனான். முந்தி இருந்த சர்வரில ஒருத்தர் கதவுப் பிணைச்சல் பிழை எண்டு சண்டை பிடிச்சு, கடைசியில கலியாண வீட்டுக் காட்சியே நிண்டு போச்சுது. ஒரு ஆள் வாய் திறந்தவுடன பிழை பிடிச்சா அவர் அடுத்த கிழமை வரமாட்டார்.

ஆனா சுருள்ஏடு சொன்ன கடமை விசயம் வேற, பொருள் விசயம் வேற. பொருள் பிழைச்சா ஒருத்தருக்கும் நட்டம் இல்லை. அந்தக் காலத்தில அங்க இல்லாத உருளைக்கிழங்கைப் பாத்து நான் கண்ணை மூடிக்கொள்ளுவன். என்னைக் காட்சிக்கு வெளியால எறியிறது செய்திதான். ஆத்துக்கு அங்கால ஊரில ஒருத்தன் கொலை செய்தவன் எண்டா, அடுத்த நிமிசம் இஞ்ச எல்லாருக்கும் தெரியும். ஏனெண்டா டிஸ்கோர்ட் எண்ட அரட்டைச் செயலியில வாசிச்சவை. அந்தக் காலத்தில நடந்து போற ஆள் ஒரு நாளைக்கு இருவது மைல் சொச்சம் போவான், மழை எண்டா அதுவும் இல்லை.

நாங்கள் செய்தது இதுதான். பக்கத்து ஊர்ச் செய்தி ஒரு பாத்திரத்தின்ரை வாயால வந்தாத்தான் செல்லும். வண்டிக்காரன், ஊசி நூல் விக்கிறவன், பிச்சை எடுத்துத் திரியிற துறவி, இந்த மூண்டு பேர்தான் கொண்டு வரலாம். பேந்து என்ன நடந்தது தெரியுமோ? ஒருத்தரும் சீண்டாத துறவிப் பாத்திரத்துக்கு ஆக்கள் வரிசையில நிண்டவை. செய்தியைத் திரிச்சுச் சொல்லுற உரிமையும் அவருக்குத்தானே.

மணிக்கூடும் வேண்டாம். "எட்டு மணிக்குச் சந்திப்பம்" எண்டு ஒருத்தரும் கதைக்கேலாது. தேவாலய மணி அடிச்சாப் பிறகு, சூரியன் விழமுன்னம், அப்பிடித்தான். திகதியும் அப்பிடியே. செப்டெம்பர் 29 எண்டு சொல்லக்கூடாது, மிக்கேல் திருநாள் எண்டு சொல்லவேணும். நவம்பர் 11 மார்ட்டின் திருநாள். ரெண்டு கிழமையில வாயில வந்திடும்.

#6 அல்லிக்கொடி

கத்தி இல்லாம சுவாரசியம் இல்லைன்னு சொல்ற ராத்திரிஷிப்ட் அண்ணனுக்கு என் பாத்திரத்தைச் சொல்றேன். ஆக்னஸ், விதவை, ஏல் (பீர் மாதிரி ஒரு பானம்) காய்ச்சி விக்கிறவ.

ஹாப்ஸ்ங்கிற கசப்புப் பூ போடாத பார்லி ஏல் சில நாள்லயே புளிச்சிரும். அதனால காய்ச்சின கையோட வித்தாகணும். வாசல்ல ஒரு கம்பை நட்டு அதுல தழையைக் கட்டினா "சரக்கு ரெடி"ன்னு அர்த்தம். உடனே ஊரோட ஏல் சுவைப்பாளர் வந்து ருசி பார்த்து, அளவைச் சரி பார்த்து, விலைக்கு ஒப்புதல் கொடுக்கணும். ரொட்டிக்கும் ஏலுக்கும் விலைக்கட்டுப்பாடு 13ஆம் நூற்றாண்டுலயே வந்தாச்சு. மேனர் மன்றம் (பிரபுவோட பண்ணை நீதிமன்றம்) கூடுறப்பல்லாம் காய்ச்சினவங்க பேரைப் படிச்சு அபராதம் போடுவாங்க. தப்பு பண்ணலைன்னாலும் போடுவாங்க, லைசென்ஸ் கட்டணம் மாதிரித்தான். இதுல எனக்கு சுவைப்பாளரை மடக்கணும், குறைஞ்ச அளவுக் குவளையை ஒளிக்கணும், எதிர்வீட்டு ஆலிஸ் எனக்கு முன்னாடி கம்பு நடாம பார்த்துக்கணும். மொத்த ஊரும் குடிக்க என் வீட்டுக்குத்தான் வருது. எந்தக் கூலிக் கொலையாளிக்கும் கிடைக்காத ரகசியம் எல்லாம் என் காதுல விழுது.

பெண் பாத்திரம்னா இளவரசி, இல்லைன்னா சூனியக்காரின்னு ரெண்டே பெட்டி வச்சிருக்கிற சர்வர்களுக்கு இதைச் சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சேன். சூனியக்காரியை எரிக்கிற காட்சி வேணும்னு அடம்பிடிக்கிறவங்களுக்கு: இங்கிலாந்துல சூனிய வழக்குகள் பெருகினது 16, 17ஆம் நூற்றாண்டுல. அப்பவும் தூக்குத்தான். 1350-ல தீப்பந்தம் தூக்கிட்டு என் வீட்டு வாசலுக்கு வராதீங்க.

#7 மூக்குவைத்தியர்

அந்தப் பறவை மூக்கு நான்தான். முகமூடியைக் கழட்ட மாட்டேன்.

அது 17ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம்னு எனக்கும் தெரியும். ஆனா மைன்கிராஃப்ட்ல எல்லா முகமும் ஒரே சதுரம். முகமூடி போட்டா தூரத்துலயே "வைத்தியர் வர்றார்"னு தெரியுது, பயமும் வருது. பாக்குறவங்களுக்கு ஒரு அடையாளம் வேண்டாமா? நாடகம்னா அதுதானே?

#8 சுருள்ஏடு

அடையாளம் வேணும்ங்கிற வாதத்தை முழுசா ஒத்துக்கிறேன். அந்தக் காலத்திலயும் அதே தேவை இருந்தது. ஓவியங்கள்ல வைத்தியரை எப்படிக் காட்டுவாங்க தெரியுமா? கையில சிறுநீர்க் குடுவை. உருண்டையான கண்ணாடிப் பாத்திரத்தை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு நிறம் பார்த்துட்டிருப்பார். தூரத்துலேர்ந்து பார்த்தாலே வைத்தியர்னு தெரியும். மைன்கிராஃப்ட்ல கண்ணாடிப் புட்டி இருக்கு, தூக்கிப் பிடிங்க. யார்கிட்டப் போனாலும் "குடுவையில கொஞ்சம்..."னு கேட்கலாம். முகமூடியை விட அதிக பீதி கிளம்பும், உத்தரவாதம்.

உங்க பாத்திரத்துக்கு இன்னும் பெரிய விருந்து இருக்கு. கொள்ளைநோய் ஏன் வந்ததுன்னு பிரெஞ்சு அரசர் கேட்டப்ப, பாரிஸ் மருத்துவத் துறை 1348-ல ஒரு அறிக்கை கொடுத்தது. 1345 மார்ச்சுல சனி, வியாழன், செவ்வாய் மூணும் கும்பத்துல கூடினதால காத்து கெட்டுப் போச்சுங்கிறாங்க. அன்னைக்கு அதுதான் படிச்சவங்களோட பேச்சு. ஜோசியம் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த வசனம் வராதா என்ன? நீங்க தப்பித்தவறிக்கூட எலி, தெள்ளுப்பூச்சின்னு வாய் திறக்கக் கூடாது. யெர்சின் அந்தக் கிருமியை ஹாங்காங்ல கண்டுபிடிச்சது 1894. தெள்ளுப்பூச்சி மூலமா பரவுதுன்னு சிமோன் கராச்சியில சோதனை பண்ணினது 1898. உங்க ஆளுக்கு அதுக்கு இன்னும் 500 வருஷத்துக்கு மேல இருக்கு.

எல்லாருக்கும் ஒரு வார்த்தை. நோய் முடிஞ்சுதுன்னு உங்க பாத்திரங்கள் நினைச்சுக்கிட்டிருக்காங்க. 1361-ல திரும்பி வந்து குழந்தைகளை அள்ளிட்டுப் போகப்போகுது. அது தெரிஞ்ச ஆள் மாதிரி யாரும் தீர்க்கதரிசனம் பேசாதீங்க. இவங்க இப்பதான் காலி வீட்டுக்குக் கதவு போட்டு, தூரத்து உறவுக்காரனைக் கூட்டிவந்து, புதுசாக் கல்யாணம் பண்ணிட்டிருக்காங்க. அந்த நம்பிக்கையோட விளையாடுங்க.

#9 ஓக்மரத்தடி

எவ்வளவு விஷயம்! மூக்குவைத்தியர், குடுவை ஐடியாவுக்கு டெக்ஸ்சர் (மேல ஒட்டுற படம்) நானே செஞ்சு தர்றேன்.

ரெண்டு சந்தேகம். ஒண்ணு, பேச்சு. எல்லாரும் செந்தமிழ் பேசினா நாடகம், எல்லாரும் சென்னைத் தமிழ் பேசினா 1350 காணாமப் போயிடுது. நடுவுல எங்க நிக்கிறது?

இன்னொண்ணு கொஞ்சம் கஷ்டமான விஷயம். பிரபுவோட கணக்கரா நடிச்ச ஒருத்தர் பண்ணையாளைத் திட்டுறப்ப நம்ம ஊர் சாதிப் பேரைச் சொல்லித் திட்டிட்டார். "பாத்திரம்தான் பேசுச்சு, நான் இல்ல"ங்கிறார். கேட்டவர் அன்னைக்கு வெளிய போனவர்தான், இன்னும் திரும்பல. திட்டினவரை இப்போதைக்கு நிறுத்தி வச்சிருக்கேன். என்ன செய்யலாம்?

#10 பகடை12

ரெண்டாவதுக்கு மட்டும் பதில் சொல்றேன். நிறுத்தி வச்சது போதாது, எடுத்துடுங்க.

வரலாற்று நியாயத்தை வச்சுப் பார்த்தாலும் அவர் வாதம் நிக்காது. எசெக்ஸ் கணக்கருக்கு நம்ம ஊர்ச் சாதி தெரியாது. அந்த வார்த்தை அவர் வாயில வந்திருந்தா, பேசினது பாத்திரம் இல்ல, மைக்குக்குப் பின்னாடி இருந்தவர். பாத்திரத்தை உடைச்சு அந்தக் களத்துக்குள்ள நம்ம தெருவைக் கொண்டுவந்தவர் அவர்தான்.

ஆண்டான் அடிமை களம் வச்சிருக்கிற எந்தத் தமிழ் சர்வர்லயும் இது வரும். நாம அந்த உறவை எங்கேயோ தூர தேசத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டவங்க இல்லையே. அதனால முன்கூட்டியே ஒரு வரி எழுதி ஒட்டுங்க: இழிவு அந்த உலகத்தோட இழிவா மட்டும் இருக்கணும். பண்ணையாளைப் பிரபு கேவலமா நடத்தலாம், கதவுக்கு வெளிய காக்க வைக்கலாம், மகள் கல்யாணத்துக்குப் பணம் கேட்டு நெருக்கலாம். அதுக்கும் ஒரு வரம்பு உண்டு. எதிராளி இரட்டை அடைப்புக்குறியில "போதும்"னு எழுதினா காட்சி அங்கேயே நிக்கணும், காரணம் கேட்கக் கூடாது. ஆட்டம் முடிஞ்சு ரெண்டு பேரும் அவரவர் பேர்ல ஒரு பத்து நிமிஷம் பேசிட்டுப் போறது நல்லது. நார்டிக் லார்ப் (நேர்ல வேஷம் போட்டு நடிக்கிற வட ஐரோப்பிய ஆட்டம்) ஆளுங்க இதை ரொம்ப காலமாச் செய்றாங்க. பாத்திரத்தோட கோபம் ஆள் மேல கசியும்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும்.

வெளிய போனவருக்கு நீங்களே போன் போடுங்க. டிஸ்கார்டு மெசேஜ் வேண்டாம்.

#11 கிளாலிக்காற்று

பகடை அண்ணை சொன்னதுக்கு மேல ஒரு சொல்லும் தேவையில்லை.

பேச்சு விசயத்துக்கு எங்கட சர்வரில செய்த ஒரு வேலை சொல்லுறன். 1350இல இங்கிலாந்தில பிரபுமார் பிரெஞ்சு கதைச்சவை. நீதிமன்ற வாதமும் பிரெஞ்சுதான், 1362இலதான் இங்கிலீசில வாதாடலாம் எண்டு சட்டம் வந்தது. எழுதிற பதிவேடு லத்தீன். குடியானவனுக்கு இங்கிலீசு மட்டும்தான். இதை எங்களுக்கு ஏத்த மாதிரி மாத்தினம். ஊர்ச்சனம் தமிழ் கதைக்கும், அவரவர் ஊர்த் தமிழ், நான் யாழ்ப்பாணத் தமிழ். பிரபுவும் அவற்றை ஆக்களும் தங்களுக்குள்ள இங்கிலீசு மட்டும். மன்றத்தில வழக்கு நடக்கிறதும் இங்கிலீசில. குற்றவாளிக்கு என்ன தீர்ப்பு எண்டு கணக்கர் தமிழில சொல்லுமட்டும் விளங்கக்கூடாது. விளங்கினாலும் விளங்காத மாதிரி நிக்கவேணும்.

அந்த நிப்பு இருக்கே, உதுக்கு ஈடா ஒரு செந்தமிழ் வசனமும் இல்லை. கணக்கர் வேணுமெண்டே மாத்திச் சொல்லுறாரோ எண்டு சனம் முகத்தை முகம் பாக்கும்.

#12 சுருள்ஏடு

கிளாலிக்காற்று, இதை அப்படியே எடுத்துக்கப் போறேன்.

பேர் பத்தி யாரும் சொல்லல. "நிழல்வேந்தன் டிராகன்பேன்" எல்லாம் வேண்டாம். அந்த நூற்றாண்டு இங்கிலாந்துல ஆம்பளைங்கள்ல பெரும்பகுதி ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், தாமஸ்ங்கிற அஞ்சு பேருக்குள்ளயே அடங்கிடுவாங்க. பெண்கள்ல ஆலிஸ், ஆக்னஸ், ஜோன், மட்டில்டா. ஒரே ஊர்ல நாலு ஜான் இருந்தா? நம்ம ஊர்ல முருகன்னு கூப்பிட்டா "எந்த முருகன், கிணத்தடி வீடா, சோடாக்கடையா"ன்னு கேட்கிறதில்லையா, அதேதான். கிணத்தடி ஜான், நெட்டை ஜான், ரீவ் (பண்ணை மேற்பார்வையாளர்) மகன் ஜான். பட்டப்பேரை ஆட்டக்காரர் தானே வச்சுக்க விடாதீங்க. ரெண்டு வாரம் பார்த்துட்டு ஊர் வைக்கட்டும். அதுக்கப்புறம் அந்த ஆள் அந்த ஊர்க்காரன்.

காசும் சுருக்கமா. 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆனா ஷில்லிங்கும் பவுண்டும் கணக்குல மட்டும்தான், ஊர்க்காரன் கையில புரள்றது வெள்ளிப் பென்னி, அரைப் பென்னி, கால் பென்னி. தங்க நோபிள் நாணயம் 1344-ல வந்தது, 6 ஷில்லிங் 8 பென்னி. உங்க ஊர்ல ஒருத்தன் அதை நீட்டினா எல்லாரும் அவனைச் சந்தேகமாப் பார்க்கணும். நாலு பென்னி குரோட் நாணயம் பரவலாப் புழங்க ஆரம்பிச்சது 1351-லதான், உங்களுக்கு அடுத்த வருஷம்.

கூலிச் சண்டை உங்க வருஷத்தோட மையம். ஆள் செத்துப் போனதால உயிரோட இருக்கிறவன் கூலி கூடக் கேட்கிறான். 1349 ஜூன்ல அரசர் ஆணை போட்டாச்சு: நோய்க்கு முந்தின கூலிதான், அறுபது வயசுக்குக் கீழ உடம்பு திடமா இருக்கிறவன் வேலைக்குக் கூப்பிட்டா மறுக்கக் கூடாது. 1351 சட்டத்துல தலைமைத் தச்சருக்கு நாளைக்கு 3 பென்னி, ஆகஸ்ட் முதல் வாரம் அறுவடைக்காரனுக்கு 2 பென்னின்னு எண்ணியே வச்சாங்க. பக்கத்துப் பண்ணைக்காரன் ரகசியமாக் கூடத் தர்றேங்கிறான். போறதா வேண்டாமா? இதுக்கு நடிப்பே தேவையில்ல. சம்பள உயர்வு கேட்டுப் பழகின எவனுக்கும் வரும்.

#13 ராத்திரிஷிப்ட்

சரி, ஒத்துக்கலைன்னாலும் கேட்கிறேன். என் பாத்திரம் திருடன். திருடினா என்ன ஆகும்? நான் இருந்த சர்வர்கள்ல மாட்டினா "சிறை, 30 நிமிஷம்". செவுத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கணும். அதைவிட போர் கிடையாது.

#14 அல்லிக்கொடி

அண்ணன் வழிக்கு வர்றார் :)

#15 சுருள்ஏடு

சிறை தண்டனை இல்லை, விசாரணை வரைக்கும் அடைச்சு வைக்கிற இடம். அதனால முப்பது நிமிஷம் உட்கார வேண்டாம். ஆனா உங்களுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து இருக்கு.

திருட்டைப் பார்த்த முதல் ஆள் கத்தணும். அது கடமை. 1285 வின்செஸ்டர் சட்டம் இதை உறுதியா எழுதி வச்சிருக்கு. கூச்சல் கேட்டா ஊரே கையில இருக்கிறதைத் தூக்கிட்டு ஓடி வரணும், வராதவனுக்கு அபராதம். போலீஸ் பாத்திரமே வேண்டாம், மொத்த சர்வரும் போலீஸ். 12 வயசான ஒவ்வொரு ஆம்பளையும் ஒரு பத்துப்பேர் குழுவுல இருக்கான். அவன் தப்பு பண்ணினா மத்தவங்க அவனைக் கொண்டுவந்து நிறுத்தணும், இல்லைன்னா அவங்களுக்குத் தண்டம். அதனால நீங்க திருடினா முதல்ல உங்களைத் திட்டப்போறது உங்க நண்பர்கள்தான்.

திருடின பொருள் 12 பென்னிக்கு மேலன்னா தூக்கு. கீழன்னா சின்னத் தண்டனை. மதிப்புப் போடுறது யாரு? அக்கம்பக்கத்து ஆளுங்களே ஜூரியா உட்கார்ந்து. ஒரு ஆட்டோட விலை அந்தக் கோட்டுக்கிட்டதான் வரும். "நோஞ்சான் ஆடு, பதினொண்ணரைப் பென்னிகூடப் பெறாது"ன்னு ஒருத்தர் சொல்லுவாரா மாட்டாரா? அதுக்கு நீங்க இத்தனை வாரமா ஊர்ல எப்படி நடந்துக்கிட்டீங்கங்கிறதுதான் பதில்.

#16 கிளாலிக்காற்று

ஓடிப் பிடிபடாமல் தேவாலயத்துக்குள்ள புகுந்தா இன்னும் நல்லது. நாப்பது நாள் ஒருத்தரும் கைவைக்கேலாது. ஊர்ச்சனம் வெளியால முறைவைச்சுக் காவல் நிக்கவேணும், அறுவடை நேரம் எண்டா உன்னைத் திட்டித் தீர்க்குங்கள். பேந்து கொரோனர் (அரசரின்ரை விசாரணை அதிகாரி) வருவார். குற்றத்தை ஒத்துக்கொண்டு நாட்டை விட்டுப் போறன் எண்டு சத்தியம் செய்யலாம். வெறுங்காலோட, கையில மரச்சிலுவையோட, அவர் சொன்ன துறைமுகத்துக்கு பெருந்தெருவை விட்டு இறங்காமல் நடக்கவேணும். இறங்கினா கண்டவன் வெட்டலாம்.

எங்கட சர்வரில ஒரு பெடியன் உதைச் செய்தவன். முழுக் கிராமமும் எல்லைக் கல்லு மட்டும் பின்னால நடந்து போனது. அவனிட்டை ஆடு களவு குடுத்தவளே பாண் கட்டிக் குடுத்து விட்டவள்.

#17 ராத்திரிஷிப்ட்

யோவ். இதை முதல் போஸ்ட்லயே சொல்லியிருந்தா நான் சண்டையே போட்டிருக்க மாட்டேனே.

தேவாலயத்துக்குள்ள இருக்கிற நாப்பது நாளும் சாப்பாடு யார் போடுவா?

#18 மூக்குவைத்தியர்

பாதிரியார்கிட்ட கெஞ்சு. வெள்ளிக்கிழமை கறி கேட்காதே, மீன்தான்.

நான் குடுவைக்கு மாறிட்டேன். ஆனா முகமூடியை வீட்டுச் சுவர்ல மாட்டி வைப்பேன், யாரும் கேட்கக் கூடாது.

#19 ஓக்மரத்தடி

நிறுத்தி வச்சவரை எடுத்தாச்சு. வெளிய போனவர்கிட்டப் பேசினேன். யோசிச்சுச் சொல்றேன்னார், அவசரப்படுத்தல.

ஊர் எசெக்ஸுக்குக் குடிபெயர்ந்தாச்சு. விதித்தாள் ஒரே பக்கம்: யாருக்கு என்ன கொடுக்கணும், செய்தி யார் வாயால வரும், மன்றம் ஆங்கிலத்துல நடக்கும், கூச்சல் கேட்டா ஓடி வரணும், அப்புறம் பகடை எழுதச் சொன்ன அந்த வரி. உருளைக்கிழங்கைத் தோண்டி எடுத்துட்டு அவரை, பட்டாணி, லீக் போட்டுட்டேன். பொருள் பிழையை யாரும் களத்துல திருத்தக் கூடாது, எனக்குத் தனியா எழுதினாப் போதும்.

இந்தச் சனிக்கிழமை மிக்கேல் திருநாள் காட்சி. பழைய கணக்கை முடிச்சு ஊரே கூடிப் புது ரீவைத் தேர்ந்தெடுக்கணும். பிரபுவுக்காக எல்லாரையும் வேலை வாங்குற பொறுப்பு, கணக்குல துண்டு விழுந்தா சொந்தக் காசு போகும். இதுவரை ஒருத்தரும் கை தூக்கல. ராத்திரிஷிப்ட், உங்க பேரை ரெண்டு பேர் சொல்லியிருக்காங்க.

#20 ராத்திரிஷிப்ட்

திருடனை ரீவ் ஆக்கப் பாக்குறீங்களா? முடியாதுன்னு சொன்னா?

#21 சுருள்ஏடு

சொல்லலாம். அப்பவும் நிறையப் பேர் அந்தப் பதவியிலேர்ந்து தப்பிக்க பிரபுவுக்குப் பணம் கட்டியிருக்காங்க. மன்றப் பதிவேடுகள்ல வரி வரியா இருக்கு.

#22 ராத்திரிஷிப்ட்

எவ்வளவு? என்கிட்ட ஒரு ஆடு இருக்கு. எங்கேர்ந்து வந்ததுன்னு மட்டும் கேட்காதீங்க.